மச்சானும் மூன்று டார்க் ரெஞ்சுகளும்

இனிமேல் என் கார் சக்கரத்தில் என்னைத் தவிர வேறு எவனும் கை வைக்கக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை காலையில் அறிவித்தேன். அறிவித்த இடம் சமையலறை வாசல். கேட்டவள் என் மனைவி. கேட்டாளா என்பது வேறு விஷயம், மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

மிக்ஸி நின்றதும் மறுபடி அறிவித்தேன்.

"ஏன், டயர் கடைக்காரர் என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணலன்னு கேளு. நட்டை இறுக்கச் சொன்னா, ஸ்பானர்ல ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, அது மேல ஏறிக் குதிக்கறான். ஒரு போல்ட் முறிஞ்சே போச்சு. எதுக்கும் ஒரு அளவு வேணாமா? நூத்தெட்டு நியூட்டன் மீட்டர்னு கார் புஸ்தகத்துலயே போட்டிருக்கு. குறைஞ்சா சக்கரம் கழண்டுடும், கூடினா போல்ட் போயிடும். அளவு பார்த்து முறுக்கறதுக்குன்னே ஒரு கருவி இருக்கு. டார்க் ரெஞ்ச்."

"டார்க்னா? லைட்டை அணைச்சிட்டுத் திருகணுமா?"

"அந்த டார்க் இல்லடி. முறுக்கு விசை! எவ்வளவு முறுக்கறோம்னு அதுவே சொல்லிடும்."

"அப்படியா? நேத்து எங்க அண்ணன் போன் பண்ணினப்போ நீங்க முறுக்கிக்கிட்டீங்களே, அது எவ்வளவு இருக்கும்?"

அவளிடம் பேச்சை மாற்றினேன். ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? டயர் கடைக்காரன் வெறும் சாக்கு. உண்மையான சிக்கல் அந்த அண்ணன்தான்.

என் மச்சான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே உலகத்தைப் பார்த்தவர். என் காரில் ஏறினாலும் பழக்கம் போகாது. "மாப்ளே, கண்ணாடி! மாப்ளே, கிளட்ச்! மாப்ளே, நாய்!" நாய் பாவம், பத்து அடி தள்ளி பிளாட்பாரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, அவர் பக்கத்து மிதியடி ஓட்டையாகிவிட்டது. ஓட்டுவது நான், ஆட்டுவது அவர்.

அவர் குடியிருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூல் காரைச் சொந்த வேலைக்குத் தொட மாட்டார், கொள்கைவாதி. அதனால் ஞாயிறுதோறும் மாப்பிள்ளை காரில் போய் வீடு பார்ப்பது என்று அண்ணனும் தங்கையும் போனிலேயே முடிவு செய்துவிட்டார்கள். மாப்பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் சம்மதம்.

அதற்குத்தான் இந்தத் திட்டம். பிரேக் கட்டை மாற்றுகிறேன் என்று நாலு சக்கரத்தையும் கழற்றிவிடுவது. கழற்ற யாருடைய உத்தரவும் வேண்டாம். மாட்டுவதற்கு மட்டும் துல்லியமான டார்க் ரெஞ்ச் வேண்டும். துல்லியமானது எப்போது கிடைக்கும்? மாதம் முடிந்த பிறகு.

அன்று மாலைக்குள் கொல்லைப்பக்க ஷெட்டில் என் கார் நாலு ஸ்டாண்டின் மேல் சக்கரமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தேர் மாதிரி தெரிந்தது.

முதல் ஞாயிறு, ஹார்டுவேர் கடைக்குப் போய், 'டக்' என்று சத்தம் போடும் ரகத்தில் ஒரு ரெஞ்ச் வாங்கி வந்தேன். கைப்பிடியைத் திருகி நூற்றெட்டில் வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்னும். அதோடு நிறுத்திவிட வேண்டும். நல்ல கருவி. எனக்குப் பயமே அதுதான். குறை கண்டுபிடிக்க உட்கார்ந்தேன்.

என் மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். எதனோடு வரும் துண்டுக் காகிதத்தையும் கடைசி வரி வரை படிப்பாள். இதையும் படித்தாள்.

"ஏங்க, கூடக் குறைய நாலு சதவீதம் இருக்கும்னு போட்டிருக்கே?"

துள்ளி எழுந்தேன். "நாலு சதவீதமா! நூத்தெட்டுல நாலே கால் போச்சே!"

"அது தப்பா?"

"தப்பாவா? ரோட்டுல போறப்போ சக்கரம் நமக்கு முன்னாடி போகும். பரவாயில்லையா?"

"ஐயையோ! அப்ப அண்ணன்கிட்ட என்ன சொல்றது?"

"கார் ரெடியாகலன்னு சொல்லு. மனுஷ உயிர் முக்கியம்."

"எங்க அண்ணன் உயிர் மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா!" என்றவளின் கண் கலங்கியிருந்தது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஞாயிறு அதே கடை. "இதைவிடத் துல்லியமா எதாவது?" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், நீங்க கார் ரிப்பேர் பண்றீங்களா, ராக்கெட் விடறீங்களா?"

இருந்தாலும் டிஜிட்டல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எண் காட்டும், விளக்கு எரியும், கீச் கீச் என்று கத்தும். இரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகாது என்று சான்றிதழ் வேறு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. முகம் வாடிப் போய் அதை மேசை மேல் வைத்தேன்.

மனைவி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, பேட்டரி வீக்கானா இது என்ன காட்டும்?"

அந்த நிமிஷத்தில் அவளைப் பெற்றவர்களை மனசார வாழ்த்தினேன்.

மூன்றாவது ஞாயிறு வாங்கியது முள் காட்டும் ரகம். பேட்டரியும் இல்லை, 'டக்'கும் இல்லை. முறுக்க முறுக்க முள் நகரும்.

"நேரா நின்னு பார்த்தாத்தான் முள் சரியா தெரியுமாம். சாய்ஞ்சு பார்த்தா வேற நம்பர் தெரியுமாம்" என்றாள் அவள் காகிதத்தைப் படித்துக்கொண்டே. "உங்களுக்கு வேற மூக்குக் கண்ணாடி மாத்த வேண்டியிருக்கே?"

"அதானே! மொதல்ல கண்ணாடி, அப்புறம்தான் சக்கரம்!"

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும்? கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் ஒன்று சொல்லி, அவள் அதற்கு வலுவாக இன்னொன்று சொன்னது இந்த மூன்று வாரம்தான். இதில் சந்தேகப்பட ஏதோ இருக்கிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தண்டனை இல்லாமல் இல்லை. வாரம் ஐந்து நாள் ஆபீசுக்குப் பஸ்ஸில் ஒற்றைக்காலில் போனேன். இன்னொரு கால் எங்கே இருந்தது என்று இறங்கும்போதுதான் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போய்விடுவேன். மாடியில் குடியிருந்தவர்கள் போனதிலிருந்து இரண்டு அறை காலி. ஜன்னலைத் திறந்துவிட்டு, பாயை விரித்துப் படுத்தால், "மாப்ளே" என்று கூப்பிட ஆளில்லாத ஒரு தூக்கம் வரும் பாருங்கள்!

நான்காவது ஞாயிறு, மாதக் கடைசி. மச்சான் எங்கேயாவது வீடு பிடித்திருப்பார். ஜெயித்துவிட்டேன். இனி சக்கரத்தை மாட்டிவிடலாம்.

"பேசாம பக்கத்து வீட்டு லேத்காரர்கிட்ட ஒரு ரெஞ்சைக் காட்டி, சரியான்னு கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி. "அவசரமே இல்ல. உட்கார்ந்து டீ குடிச்சிட்டு நிதானமா வாங்க."

'டக்' ரெஞ்சைத் தோளில் சாத்திக்கொண்டு போனேன். லேத்காரர் ஞாயிறிலும் லேத்தை நிறுத்தாதவர். ஒரு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார்ந்து டீ குடித்தேன். வேலை முடிந்து திரும்பியவர் ரெஞ்சைப் பார்த்ததும் சிரித்தார்.

"இதை எதுக்கு சார் மறுபடி தூக்கிட்டு வந்தீங்க?"

"மறுபடியா?"

"வாங்கின மறுநாளே உங்க வீட்டம்மா கொண்டு வந்து சோதிச்சுட்டாங்களே! இரும்பை இறுக்கிப் பிடிக்கற நம்ம வைஸ்ல படுக்க வெச்சுப் பிடிச்சாங்க. கைப்பிடியில சரியா அரை மீட்டர் அளந்து கோடு போட்டு, அங்க ஒரு பக்கெட்டைத் தொங்கவிட்டு, கையோட கொண்டு வந்த அளவு ஜாடியால தண்ணி ஊத்தினாங்க. பக்கெட்டோட சேர்த்து இருபத்திரண்டு கிலோ ஆனா நூத்தெட்டு. மூணு தடவை ஊத்தினாங்க. மூணு தடவையும் ஒரு டம்ளர் முன்னப் பின்ன, 'டக்'! என்னா மூளை சார்! நீங்க குடுத்து வெச்சவர்."

எனக்கு வாயில் டீ சூடாறிப் போயிற்று.

வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றது. இரண்டு பேர் ஒரு இரும்பு பீரோவைத் தூக்கிக்கொண்டு என் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இடுப்பில் கை வைத்து, "பார்த்து, சுவர்ல உரசாம" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"அண்ணன் சாமான்."

"எங்க போகுது?"

"பார்த்தா தெரியல? மாடிக்கு. மூணு வாரமா கார் இல்ல, ஒரு வீடும் பார்க்க முடியல. இன்னிக்குக் காலி பண்ணியாகணும். நடுரோட்டுலயா நிப்பார்?"

"ரெஞ்ச் சரியா இருக்குன்னு உனக்கு மொத வாரமே தெரியும்!"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பேட்டரி, முள்ளுன்னு என்னை ஏத்திவிட்டே?"

"அண்ணனை மாடியில வெச்சுக்கலாமான்னு கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

பீரோ மூன்றாவது படியில் இருந்தது. இன்னும் பதினைந்து படி. மனிதன் கடைசி வரை போராட வேண்டும்.

"நிறுத்துங்கப்பா!" என்று கத்தினேன். "யாரும் எதையும் மேல ஏத்தாதீங்க. ரெஞ்ச் சரியா இருக்கு, கண்ணும் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு! அரை மணியில சக்கரத்தை மாட்டறேன். மச்சானைக் கூட்டிட்டுப் போய், பொழுது சாயறதுக்குள்ள பத்து வீடு காட்டறேன். அவர் எத்தனை தடவை பிரேக் மிதிச்சாலும் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்!"

சொல்லிவிட்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

அங்கே நாலு ஸ்டாண்ட் மட்டும் வரிசையாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. துடைத்த டிஜிட்டல் ரெஞ்ச் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"கார் எங்கடி?"

"நீங்க டீ குடிக்கறப்போ நானும் அண்ணனும் மாட்டிட்டோம். ஒவ்வொரு நட்டும் நூத்தெட்டு, நானே பார்த்தேன்" என்றாள் பின்னாலேயே வந்தவள். "அண்ணியையும் அண்ணியோட அம்மாவையும் கூட்டிட்டு வர அண்ணன் போயிருக்கார். அந்தம்மாவால படி ஏற முடியாது, நம்ம ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுத்துடுங்க."