பிரிட்ஜுக்கு அடியில் ஒரு தத்துவஞானி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நான் நலம் என்று எழுதினால் பொய். அங்கு உங்கள் தங்கை நலம் என்பது அவள் என் போனைத் துண்டிக்கிற வேகத்திலேயே தெரிகிறது. உங்களுக்குப் போன் செய்ய எனக்கு முகமில்லை, காரணம் கீழே வரும். கோபித்துக்கொண்டு வந்தவளுக்கு இடம் கொடுத்தீர்கள், நன்றி. இப்போது திருப்பி அனுப்பிவிடுங்கள், என்னால் முடியவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பிரிட்ஜுக்கு கேஸ் நிரப்பிவிட்டு, ஐஸ் பிடிக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். அப்படித் தையல்காரர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பிரிட்ஜ் தலையில் தூசியோடு கிடந்த புத்தகத்தைப் பிரித்தேன். எவனோ ஒரு தத்துவஞானி. 'கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே இழக்கிறான்' என்று எழுதியிருந்தான். ஆகா, நம்ம ஆளு என்று நினைப்பதற்குள் ஐஸ் பிடித்துவிட்டது, மூடி வைத்துவிட்டு வந்தேன். வந்தால் உங்கள் தங்கை வழக்கம்போல, "ஊர்ல இருக்கிற பிரிட்ஜெல்லாம் ஓடுது, நம்ம வீட்டுது எப்பங்க ஓடும்?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. காது போய்விட்டது என்று பயந்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் லைட் அடித்துப் பார்த்து, "காது நல்லாத்தாம்மா இருக்கு" என்று குட்டை உடைத்துவிட்டார்.

பிறகு ஒரு வக்கீல் வீடு. அலமாரியில் அதே ஆள், வேறு புத்தகம். 'உண்மையை மறைக்கிறவனுக்கு நேசிக்கத் தெரியாது' என்றிருந்தது. சரி, சமாதானமாகப் போகலாம் என்று அன்றைக்கே அவளை உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். அவள் ஆசையாகத் தைத்த திரைச்சீலையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்றேன். உங்களோடு பேசினால் எனக்குக் கொட்டாவி வருகிறது என்றும் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். திரைச்சீலையைப் பொறுத்துக்கொண்டாள். உங்களைச் சொன்னதற்குத்தான் பெட்டியைத் தூக்கினாள்.

நேற்று பல் டாக்டரின் கிளினிக்கில் அந்த ஆளின் கடைசிப் புத்தகம் கிடைத்தது. 'முன்பு எழுதியதெல்லாம் நான் தனிக்கட்டையாக இருந்தபோது எழுதியது, கல்யாணமானவர்கள் பொருட்படுத்த வேண்டாம்' என்கிறான் படுபாவி! இதை முதல் புத்தகத்திலேயே போட்டுத் தொலைத்தால் என்ன? அலுத்துவிட்டது மச்சான். தத்துவமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கேள்வி கேட்க ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு வீடு வீடாகவே இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அவளை உடனே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கொட்டாவிக்கு மன்னிப்புக் கேட்கும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அவளை அனுப்ப வேண்டாம். இதை எழுதி முடித்துவிட்டு, போகட்டும் என்று எங்கள் வீட்டு பிரிட்ஜைச் சரிபார்க்க நகர்த்தினேன். ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தது. உருவினால், அதே ஆளின் புத்தகம்! கடைசிப் பக்கம் வரை உங்கள் தங்கை கோடு போட்டுப் படித்திருக்கிறாள். கேஸை நிரப்பி ஓடவிட்டு, போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், நல்லவேளை துண்டிக்கவில்லை. "கல்யாணமான புதுசுலயே படிச்சிட்டேன். உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் அங்க வெச்சேன். நம்ம வீட்டு பிரிட்ஜை நீங்க தொடவே மாட்டீங்கன்னு அவ்வளவு நம்பிக்கை" என்றாள். பிறகு, "ஐஸ் பிடிச்சிடுச்சா?" என்று கேட்டாள். உடனே பதில் சொன்னேன். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, நாளைக் காலை இந்தக் கடிதத்தோடு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.