ஜெகெடே பெரிதாக்கிய அறை

லாகோஸ் நகரத்து முஷின் பேட்டையில் அந்த மாதம் வீடுகள் வளர்ந்தன. செங்கல் வைக்காமல், சிமெண்டு குழைக்காமல், வீட்டுக்காரர்களுக்கே தெரியாமல், உள்ளுக்குள்ளேயே வளர்ந்தன. வளர்த்தவர் தீர்க்கதரிசி ஜெகெடே. அவர் முற்றத்து வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை. தலையில் வாளி, இடுப்பில் கிண்ணம், கக்கத்தில் தட்டு. லாகோஸே பாத்திரக்கடை வைக்கப் புறப்பட்டதோ என்று தோன்றும்.

அந்த வரிசையில் நானும் நின்றேன். லாயி வாத்தியார். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு என்று பிள்ளைகளின் மண்டையில் குட்டிக் குட்டிப் புகட்டுகிறவன். ஊருக்கு உபதேசம் செய்கிற வேலைக்குச் சம்பளமும் உண்டு.

எங்கள் வியாதி இதுதான். நடையின் இருபுறமும் எதிரெதிர் அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. என் அறைக்குள் கட்டில், அடுப்பு, நான், மனைவி மோரெனிகே, மகன் குன்மி. அப்புறம் கிண்ணங்கள். கல்யாணமோ, அறுபதாம் பிறந்தநாளோ, சாவுச் சடங்கோ, விருந்துக்குப் போனால் எங்கள் ஊரில் வெறுங்கையோடு திரும்ப விடமாட்டார்கள். விருந்து யாருக்காகவோ அவர் முகம் ஒட்டிய பிளாஸ்டிக் கிண்ணத்தையோ வாளியையோ கையில் திணித்தே அனுப்புவார்கள். முகத்தை எப்படிக் குப்பையில் போடுவது? அதுவும் செத்தவர் முகத்தை? ஆகவே அடுக்கினோம். எங்கள் வீட்டுக்காரரின் காலமான தாயார், கட்டிலுக்கடியில் தட்டுத் தட்டாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெகெடே கண்டுபிடித்தார்.

"ஒரு முகம்னா ஒரு ஆவி. ஒரு ஆவிக்கு ஒரு ஆளு படுக்கிற இடம் வேணும். உங்க ரூம்ல மூணு பேரா இருக்கீங்க? கிண்ணத்தை எண்ணிப் பாருங்கய்யா!"

முற்றமே "ஆமென்" என்றது. என் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

காணிக்கை வைத்துப் பாத்திரங்களை ஒப்படைக்க வேண்டும். அவர் பின்கட்டில் பீப்பாயில் போட்டு எரித்து ஆவிகளை மேலே அனுப்புவார். வெள்ளைப் புகை எழும். கமகமவென்று சாம்பிராணி மணக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் காலை நீட்ட இடம்!

"அதிசயம்டி!" என்றேன்.

"என்ன அதிசயம், குன்மி அப்பா? சாமான் வெளிய போச்சு, இடம் வந்துச்சு. இதுக்கு ஒரு தீர்க்கதரிசியா? கட்டில் காலுக்குச் செங்கல் வச்சு உசத்துங்க. கதவுக்கு மேல ரெண்டு பலகை அடிங்க. என் தையல் மெஷின் அக்கா வீட்டு வாசல்ல துருப்பிடிக்குது. அதுக்கு ஒரு மூலை கிடைச்சா நானும் நாலு சட்டை தைப்பேன்."

"உனக்கு ஆன்மிகம் புரியாது."

"உங்களுக்குக் கணக்கே புரியலையே!"

அடுத்த முறை போனபோது ஜெகெடே கண்ணை மூடி முனகினார். "இன்னும் ஒண்ணு இருக்கு வாத்தியாரே. ரொம்பக் கனம். செத்துப்போன பொம்பளையோடது. கட்டிலுக்கு அடியில."

எனக்குப் புல்லரித்தது. எப்படித் தெரிந்தது! செத்தவள் பெட்டி இல்லாத கட்டில் முஷினில் எது என்று யோசிக்க வேண்டிய மூளை அன்றைக்கு விடுப்பு. மோரெனிகே சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவள் அம்மாவின் தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே அவள் அம்மா கல்யாணத்துக்கு உடுத்திய அசோ-ஓகே, தறியில் நெய்த கனத்த துணி. அம்மாவுடையதென்று அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

வந்தாள். குனிந்து பார்த்தாள். 

"அந்தத் துணியில எங்கம்மா வாசனை இருந்துச்சுங்க" என்றாள்.

திட்டியிருந்தால்கூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே கிண்ணம் எங்கள் கல்யாணத்துக் கிண்ணம். அதில் என் முகமும் அவள் முகமும். அதை எடுத்துக்கொண்டு நேரே முற்றத்துக்கு நடந்தாள். நான் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

"ஐயா, என் பெட்டி எங்கே?"

"மேல போயிடுச்சு மகளே. அப்பவே எரிச்சாச்சு."

"சரி. இந்தக் கிண்ணத்தை இங்கேயே, எல்லார் முன்னாலயும் எரிங்க."

"ஐயோ! பார்த்தவங்க கண்ணு போயிடும்!"

கூட்டம் அவளைத் திட்டியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாசலில் அகரா வடை சுட்டுக்கொண்டிருந்த சூலி அம்மாவிடம், "சட்டியை இறக்குங்கக்கா" என்றாள். கிண்ணத்தைக் கரி அடுப்பில் போட்டாள்.

என் முகம் நெளிந்தது. மூக்கு தாடைக்கு வழிந்தது. உயிர் போகப்போகிறது என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். உயிர் போகவில்லை, நாற்றம்தான் வந்தது. கன்னங்கரேலென்று புகை. கூட்டம் மொத்தமும் இருமியது. தீர்க்கதரிசியும் இருமினார்.

"ஒத்தைக் கிண்ணத்துக்கே இந்த நாத்தம்" என்றாள் மோரெனிகே. "ஒரு மாசமா மலை மலையா எரிக்கிறாரே, ஒரு நாளாவது யாராவது மூக்கைப் பிடிச்சீங்களா?"

மூக்கு எல்லோருக்கும் இருந்தது. வாசனை பார்த்த நாங்கள் அதற்கு மேல் எதுவும் பார்க்கவில்லை. பிறகு கூட்டம் பின்கட்டுக் கதவைத் தள்ளியது.

பீப்பாயில் சாம்பிராணிச் சாம்பல். பக்கத்தில் ஓர் அறை, என் அறையைவிடச் சின்னது. ஆனால் என்ன ஒழுங்கு! தரையிலிருந்து கூரைவரை பலகைகள். வாளிக்குள் வாளி, கிண்ணத்துக்குள் கிண்ணம், தட்டுகள் செங்குத்தாக, கூரையில் கொக்கிகள். ஊரின் ஆவிகள் அத்தனையும் போக, ஜெகெடே கட்டில் போட்டுத் தூங்கவும் இடம் இருந்தது. மூலையில் சுரண்டி எடுத்த பழைய முகங்களின் குவியல். பாதிக் கிண்ணங்களில் ஒரு மரவியாபாரி புதிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வரும் சனிக்கிழமை அவருக்கு அறுபது; அந்த விருந்துக்குக் கிண்ணம் விற்கிறவர் ஜெகெடே. எனக்கும் அழைப்பு உண்டு. என் வாளியை அங்கே நானே பரிசாக வாங்கி, ஆவி பிடித்ததென்று திரும்ப இங்கேயே தூக்கி வந்திருப்பேன்.

"உங்க அவநம்பிக்கையால ஆவியெல்லாம் திரும்ப இறங்கி வந்துடுச்சு!" என்று அலறினார் ஜெகெடே.

"வரும்போது புது ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டா இறங்குச்சு?" என்றாள் சூலி அம்மா.

கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. மோரெனிகே எதையும் பார்க்கவில்லை. மேல் பலகையில் தகரப் பெட்டி இருந்தது. இறக்கித் திறந்து, துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது எங்கள் கட்டில் செங்கல்மேல் நிற்கிறது. பெட்டி அடியில். கதவுக்கு மேல் பலகைகள், ஜெகெடே அறையைப் பார்த்து நான் அடித்தவை. ஜன்னலோரம் தையல் மெஷின் கடகடக்கிறது. அறையை நாடா பிடித்து அளந்தேன். நீளமும் அகலமும் பழையபடியேதான்.

மோரெனிகே ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "இடமில்ல இடமில்லன்னு அலைஞ்சீங்களே குன்மி அப்பா, இவ்வளவு பெரிய காலி இடத்தைக் கழுத்துக்கு மேல வச்சிக்கிட்டு!"

உங்களுக்கும் அந்த இடம் உண்டு. வாடகையும் கிடையாது. சீக்கிரம் நீங்களே குடிபோய்விடுங்கள். காலியாகக் கிடந்தால் எந்த ஜெகெடேயாவது வந்து பாய் விரித்துவிடுவான்.