வெட்டுக்காயப் பூண்டும் என் வலது கையும்

வெட்டுக்காயப் பூண்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மனைவிக்கும் சொல்ல வேண்டும். முதலில் பூண்டு. அது திருப்பிப் பேசாது.

சாமந்திக் குடும்பத்துச் செடி. தரையோடு படரும். நெட்டைக் காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ. நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஐந்தாறு வெளிறிய இதழ்கள். முற்றினால் ஒவ்வொரு விதையும் பஞ்சுக் குடை பிடித்துப் பறக்கும். பறந்தவை அத்தனையும் குளத்தூரில் எங்கள் கொல்லையில்தான் இறங்கின.

களையெடுக்க மூன்று ஞாயிறு தவணை சொன்னேன். நாலாவது ஞாயிறு காலை, மனைவி செல்வராணி களைக்கொத்தைக் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அன்று பத்து மணிக்கு ஆவூரில் கேரம் இறுதிப்போட்டி. இரட்டையர் ஆட்டம். நானும் நண்பர் அய்யாக்கண்ணுவும் ஜோடி. பதினோரு வருடமாக முதல் சுற்றிலேயே வீடு திரும்பியவர்கள், முதல் தடவையாக இறுதிக்கு வந்திருந்தோம். நாற்பது நாள் ராணியை எதிரே உட்காரவைத்துப் பயிற்சி செய்தேன். நாற்பது நாளும் தோற்றாள். பாவம்.

களையா, கப்பா? கப் என்று முடிவு செய்தேன். விரலில் துணியைச் சுற்றினேன். சாமி அலமாரிக் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து மேலே பூசினேன். பஸ் ஏறியதும் அவிழ்த்துவிடலாம்.

"ராணீ! கொத்து வெட்டிருச்சு!"

ஓடி வந்தாள். "அய்யய்யோ! எந்த வெரலுங்க?"

"ஆள்காட்டி வெரலு."

"எந்தக் கை?"

"வலது கை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிற விரல் அது.

குனிந்து துணியை உற்றுப் பார்த்தாள். காலடியிலிருந்த பூண்டு இலையைப் பறித்தாள், கசக்கினாள், துணிக்கு மேலேயே அப்பினாள். பழைய வேட்டியைக் கிழித்து முழங்கைவரை கட்டினாள். என் கை தலையணை மாதிரி ஆனது.

"லேசான காயந்தான் ராணி!"

"இம்புட்டு ரத்தம் வந்திருக்கு, லேசாங்கிறீங்க?"

அங்கேயே அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். பேசிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் பதறிட்டாங்க. மாத்து ஆளு சேத்துக்கலாமாம். நான் போயிட்டு வாரேன்."

"நீயா? நாப்பது நாளும் எங்கிட்டத் தோத்தவ!"

"ஆமாங்க. சும்மா ஒரு ஆளா ஒக்காந்துட்டு வாரேன்."

வாசல்வரை போய்த் திரும்பினாள். "எடது கை நல்லாத்தானே இருக்கு? அங்கிட்டு ஓரத்துலருந்து ஆரம்பிங்க."

ஒற்றைக் கையால் பிடுங்கினேன். பிடுங்காத பூவெல்லாம் காற்றில் தலையாட்டி வேடிக்கை பார்த்தது. மூன்று மணிக்கு அய்யாக்கண்ணுவின் போன்.

"ஆவுடையப்பா! கப்பு நமக்குத்தான்யா! கடைசி போர்டுல தங்கச்சி செவப்போட சேத்து ஆறு காயை ஒரே மூச்சுல போட்டுருச்சு! எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?"

இதைவிட எப்படி ஒருத்தியை ஒளித்துவைக்க முடியும்? எதிரிலேயே உட்காரவைத்திருந்தேன். நாற்பது நாள், நான் சோர்ந்துவிடக் கூடாதென்றே விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் நான் இறுதிவரை வந்தேன். கண் கலங்கியது. துடைக்க இடது கையில் மண். வலது கையில் வேட்டி.

சாயங்காலம் கப்போடு வந்தாள். கூடவே அய்யாக்கண்ணுவும்.

"அவுத்துக் காட்டுய்யா, எவ்வளவு ஆழம்னு பாப்போம்."

கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்ண்ணே, காத்துப் படக் கூடாது," என்றாள் ராணி. "இந்தாங்க, காப்பி."

அன்று என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். ஊருக்கே சொல்லிச் சிரித்திருக்கலாம். சொல்லவில்லை.

அவர் போன பிறகு கட்டை அவிழ்த்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா மருந்துங்க இது! தழும்புகூட இல்ல."

பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் வலது கையில் வைத்தாள்.

"குங்குமம். அலமாரி டப்பாவுல கொட்டி வச்சிருங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாசப்பக்கம் களையெடுக்கணும்."