சோர்வுக்கு ஏழு கையெழுத்து

முத்திரை குத்தும் எழுத்தருக்கு ஆறு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை. சோறு மண்ணாக இருந்தது. தூக்கம் வீட்டுப் பக்கமே வரவில்லை. மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தாள். மனசும் உடம்பும் ஒரே வீட்டுக் குடித்தனம், மாத்திரையோடு உடம்பையும் அசைக்கணும், மூச்சை நிதானமாக இழுத்து விடணும், நாலு பேரிடம் மனம் விட்டுப் பேசணும் என்ற டாக்டரம்மா, வாரம் ஒரு மணி நேரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அலுவலக அனுமதி வேண்டும். மேற்படி அனுமதிக்கு, மேற்படி சோர்வை ஏழு மாடியில் உள்ள ஏழு பிரிவுகளும் நேரில் கண்டு சான்றளிக்க வேண்டும் என்பது விதி. லிப்ட் பழுது. பழுது என்ற பலகைக்கு மட்டும் வருடா வருடம் புது வர்ணம் அடித்தார்கள்.

எழுத்தர் ஃபைலோடு ஏறினார். இரண்டாம் மாடியில், சோர்வு தொடங்குமுன் முறைப்படி தகவல் கொடுத்தீரா என்று விசாரித்தார்கள். மூன்றாம் மாடி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னண்ணே, முகம் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டார். எழுத்தர் மனம் விட்டுச் சொன்னார். நாலாம் மாடியிலும் சொன்னார். ஐந்தாம் மாடியில் அழுதார். அங்கிருந்தவர் தன் கதையைச் சொல்லி இவரைவிடச் சத்தமாக அழுதார். ஆறாம் மாடிக்காரர் கேட்ட நகல் முதல் மாடியில் இருந்தது. நாற்பது நாள் ஏறி இறங்கியதில், படியிலேயே நின்று மூச்சை இழுத்து விடவும் பழகிவிட்டார்.

நாற்பத்தோராம் நாள் காலையில் மனைவி, "என்னங்க, குறட்டை விட்டீங்க" என்றாள், பரிசு வாங்கியவள் மாதிரி.

அன்றைக்குத்தான் அனுமதி வந்தது. அனுமதித் தாளை நீட்டிய அதிகாரி ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, சிரிக்கிறீங்க?"

"இப்பக் கொஞ்சம் தேவலாம் சார்."

"யாரைக் கேட்டுத் தேவலாம்? சோர்வுன்னு ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. அத்தனையும் பொய்யா? வெள்ளிக்கிழமைக்குள்ள பழையபடி சோர்வாயிடணும்."

எழுத்தர் முகத்தை வாட வைத்துப் பார்த்தார். வாடவில்லை.

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது. "அந்த ஃபைலை எனக்கு ஒரு வாரம் தருவீங்களா? எனக்கும் ரெண்டு வருஷமா..."

கொடுத்தார்.

அடுத்த வாரம் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு ஃபைலோடு ஏறினார்கள், இறங்கினார்கள், ஒருவர் தோளில் ஒருவர் அழுதார்கள். லிப்டைச் சரிசெய்ய வந்தவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

முத்திரைக்காகக் கீழே வரிசையில் காலையிலிருந்து நின்ற பொதுமக்களுக்கு மனசு விட்டுப் போயிற்று. தங்களுக்கும் அந்தச் சோர்வு விண்ணப்பம் ஒன்று வேண்டும் என்று ஜன்னலைத் தட்டினார்கள்.

ஜன்னலுக்குள் ஆள் இல்லை. முத்திரை குத்தி விண்ணப்பம் கொடுக்க வேண்டிய எழுத்தர் டாக்டரம்மாவின் பயிற்சிக்குப் போயிருந்தார், முறையான அனுமதியோடு.