அடுத்த வீட்டுக் கவாத்து

போகலாமா, இன்னும் இரண்டு நாள் இருக்கலாமா என்று குளிர்காலம் வாசலில் நின்று யோசிக்கிற பிப்ரவரியில், பல்கேரியக் கிராமங்களில் ஓர் இனம் வெளியே தலைகாட்டும். கரடியைச் சொல்லவில்லை. கரடி தன் குகையையாவது பார்த்துக்கொள்ளும். இது, அடுத்த வீட்டுத் தோட்டத்துக்கென்றே பிறவியெடுத்த மனிதர்.

எங்கள் பெங்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோல் தொப்பியை மாட்டி, இடுப்பில் கிளை நறுக்கும் கவாத்துக் கத்தரியைச் செருகிக்கொண்டு காலையில் கிளம்பினாரென்றால் தெருவில் ஒரு வேலி பாக்கியிருக்காது. ஒருவர் ஆப்பிள் மரத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் தண்ணீராக இருக்கிறதென்பார். ஒருத்தி ஜன்னலோரத் தொட்டியில் மிளகாய் விதை போட்டால் ஆழமாகப் போய்விட்டதென்பார். பிளம் மரத்தில் ஏறியவரைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறி, கிளை கிளையாகப் பாடம் நடத்தி, ஒரு கோப்பைச் சாராயத்துக்காகவே இறங்குவார். வேலை சுத்தம். அதில் குறையே சொல்ல முடியாது.

சொந்தத் தோட்டமா? அதை ஏன் கேட்கிறீர்கள்!

பிப்ரவரியில் வரும், திராட்சைத் தோட்டங்களின் காவலரான புனித திரிஃபோனின் திருநாளன்று ஆண்கள் திராட்சைக்கொடியில் மூன்று குச்சி நறுக்கி, வெட்டுவாயில் கொஞ்சம் ஒயின் ஊற்றி, மீதியைத் தங்கள் வாயில் ஊற்றிக்கொள்வார்கள். அது சடங்கு. முழுக் கவாத்து அப்புறம் செய்ய வேண்டியது. பெங்கோவோ சடங்கோடு தம் கடமை தீர்ந்ததென்று இரண்டு வருஷமாக இருந்துவிட்டார். பந்தல் புதராகி, போன அறுவடை குருவிகளுக்கே போதவில்லை.

வரும் ஜனவரியிலோ மகள் கல்யாணம். பெண் கல்யாணத்தில் கடை ஒயினை ஊற்றிவிட்டு அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? அவர் மனைவி தோங்கா வாசலிலேயே அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்யா, மார்ச் பாதி போச்சு. கொடியில நீர் ஏறிட்டா வெட்டின இடமெல்லாம் ஒழுகுமே!"

"திரிஃபோன் அன்னிக்கே வெட்டினேன்ல?"

"மூணே மூணு குச்சி!"

"ஆரம்பிச்சாச்சுல்ல? மத்தது நாளைக்கு. அங்க ஸ்தாமன் ரோஜாச்செடிய கொலை பண்றான், போய்த் தடுக்கணும்."

தோங்கா யோசித்தாள். மறுநாள் காலை, பக்கத்து வீட்டு விதவை ரூசாவை மதிலோரம் கூப்பிட்டு, மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ரூசாக்கா! எங்களால ஆகலை. இந்தக் கொடிய உனக்கே குடுத்துட்டேன். வந்து வெட்டிக்க!"

ரூசா ரொட்டிக் கத்தியோடு வந்து நின்றாள். முதல் குச்சியில் கத்தி படுவதற்குள், தெருக்கோடியிலிருந்து ஓடிவந்த பெங்கோ தன் வீட்டு வேலியைத் தானே தாண்டிக் குதித்தார்.

"யக்கா, கைய எடு! ரொட்டியா அறுக்கறே?"

"என் கொடி, என் கத்தி. உனக்கென்னடா வந்துச்சு?"

"உன் கொடிதான். அதுக்காகக் கொல்லுவியா? நகரு!"

சாயங்காலம்வரை சாப்பாட்டையும் மறந்து வெட்டினார். கிளைக்கு இரண்டு கணு விட்டு, காய்ந்ததைக் கழித்து, நல்லதைக் கம்பியில் கட்டி, பந்தலை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"ரூசாக்கா பந்தலப் பாத்தியா? நம்ம வீடும் இருக்கே!"

தோங்கா பல்லைக் கடித்தாள். அந்த வாரமே உருளைக்கிழங்குப் பாத்தியும் கோழிக்கூண்டும் ரூசாவின் சொத்தாயின.

இலையுதிர்காலத்தில் பழம் கொட்டியது. ஜனவரியில் கல்யாணப் பந்தியில் சம்பந்தி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்து, "யார் வீட்டு ஒயின் இது?" என்று கேட்டார். தோங்கா வாயைத் திறப்பதற்குள் பெங்கோ அடக்கமாகச் சொன்னார்: "பக்கத்து வீட்டு அக்காவோடது. கவாத்து மட்டும் நான் பண்ணினேன்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அண்மையில் உங்கள் வீட்டில் யாராவது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒழுகுகிற குழாயையோ ஆடுகிற நாற்காலியையோ அடுத்த வீட்டாருக்குத் தாரை வார்த்தார்களா? அதைக் கேட்டுப் பதறி ஓடிவந்தது யார்?