மழைக்கு ஒதுங்க நான் கட்டிய குடில்

எனக்குத் தெரிந்த தச்சு வேலை ஒன்றே ஒன்றுதான்: பூஜை மண்டபம். முகப்பேர் ஃப்ளாட்டுகளில் பாதி சாமிகள் குடியிருப்பது, ஆவடி சேக்காட்டில் என் பட்டறையில் செய்த மண்டபத்தில்தான். (பாதி என்பது கொஞ்சம் ஓவர். ஒரு இருபது இருக்கும்.)

அப்படி ஒரு மண்டபம் வாங்கிய ஐ.டி. தம்பி கார்த்திக் ஒருநாள் வந்தார். மலையேறும் குழு வைத்திருக்கிறாராம்.

"அண்ணே, மேல மழை வந்தா ஒதுங்க இடமில்ல. சின்னதா மரக்குடில் வேணும். அனுமதியெல்லாம் வாங்கியாச்சு. முதல்ல ஒண்ணு, நல்லா வந்தா இன்னும் நாலு."

நாலு! வருஷம் பூரா வேலை. "டிசைனும் நானே போடுறேன்" என்றேன். எட்டாவது படித்த திமிர்.

முருகனை வேண்டிக்கொண்டு பென்சிலை எடுத்தேன். கை தானாக ஓடியது. கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படி, தாமரை செதுக்கிய நிலை. உச்சி மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு கலசம். கதவில் வரிசையாக மணி (கரடி வந்தால் சத்தம் கேட்குமே!).

என் மனைவி செல்வி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, வர்றவன் படுக்கவா, கும்பிடவா?"

"உனக்கு டிசைன் தெரியுமா?" என்று அடக்கினேன்.

பலகைகளை மலைமேல் சுமந்துபோய்க் கோத்து நிறுத்தினோம். திறப்பு நாளன்று பதினைந்து பேர் ஏறினோம். சொல்லிவைத்த மாதிரி மழை கொட்டியது. எல்லோரும் குடிலைப் பார்த்து ஓடினார்கள். படிக்கட்டு வந்ததும் நின்றார்கள். ஷூவைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு, வெளியிலேயே வரிசையாக நின்று நனைந்தார்கள்.

"உள்ள போங்கப்பா!" என்று கார்த்திக் கத்தினார்.

"காலையில குளிக்கல, சார்" என்றது ஒரு பெண்.

"மச்சான், தொப்பிய எட்றா" என்றான் இன்னொருவன்.

கார்த்திக் என்னிடம் திரும்பினார். "அண்ணே, கட்டினவரு நீங்க. நீங்களாவது போய்க் காட்டுங்க."

அப்போதுதான் கவனித்தேன். எல்லோருக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றது நான்தான். திருநீறு கரைந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்படித் தம்பி... வழியில முட்டை பிரியாணி சாப்ட்டேனே."

உள்ளே ஒரு நாய் மட்டும் காய்ந்துபோய் நிம்மதியாகப் படுத்திருந்தது. கழற்றிய ஷூக்களை, மழையில் பெருகிய பக்கத்து ஓடை அள்ளிக்கொண்டு போயிற்று. பதினைந்து பேரும் வெறுங்காலோடு, கல்லிலும் முள்ளிலும் இறங்கினோம்.

மிச்ச நாலு குடிலும் வேறு ஆளுக்குப் போயின. (தகரக் கொட்டகை. யாரும் கும்பிடுவதில்லை.) என் குடிலில் அடிவாரத்து ஜனங்கள் ஒரு பிள்ளையாரை வைத்துவிட்டார்கள். அவராவது நனையாமல் இருக்கிறார். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் இன்றும் ஆவடியில் நாலு தூறல் விழுந்தால் போதும், என் மகள் வாசலில் நின்று கூப்பிடுவாள்:

"அப்பா, மழை வருது! சீக்கிரம் செருப்பைக் கழட்டிட்டு வெளியே வாங்க!"