நெல்லுக்குக் காவல் போன கேமரா

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கேமரா இருக்க வேண்டும். காலையில் பல் துலக்கும்போது எடுத்த முடிவு இது. மனதுக்குள்தான் எடுத்தேன். சத்தமாக எடுத்திருந்தால் என் மனைவி அம்சவல்லி என் துணிமணியைப் பையில் போட்டு வாசலில் வைத்திருப்பாள்.

கேமராவை மாட்டியவன் என் மகன் இளம்பரிதி. சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்தவனிடம், எனக்குச் சர்க்கரை ஏறி வயலில் மயங்கிய கதையை அவன் அம்மா ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டாள். பயல் நேரே நீடாமங்கலம் போனான், வாங்கினான், கூடத்தில் மாட்டினான், விமானம் ஏறிவிட்டான். முட்டை அளவுதான் இருக்கும். சிம் கார்டும் பேட்டரியும் போட்டது. அது பார்ப்பதெல்லாம் அவன் போனிலும் அம்சவல்லி போனிலும் தெரியும். அவர்கள் போனில் பேசினால் அதன் வழியாக எனக்குக் கேட்கும். நான் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும்.

ரேஷன் கடையில் கட்டைவிரலைக் கேட்டார்கள், கொடுத்தேன். பேங்கில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள், சிமிட்டினேன். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். பெற்ற பிள்ளை அதைக்கூடக் கேட்கவில்லை.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. லுங்கியை அவிழ்த்துக் கட்டப் பயம். ஏப்பம் விடப் பயம். ஒருநாள் அம்சவல்லி கொல்லைப்பக்கம் போன சமயம் பார்த்து அதிரச டப்பாவைத் திறந்தேன். சுவரிலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அது ரெண்டாவது."

கடல் கடந்து போய் உட்கார்ந்துகொண்டு என் அதிரசத்தை எண்ணுகிறான்.

பக்கத்து வீட்டுத் துரைராசு வேறு வந்து பயமுறுத்தினான். என் மகன் மட்டும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனாம். படமெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியில் போய்ச் சேருகிறதாம். நாளைக்குக் கவர்மெண்டு கேட்டால் கம்பெனிக்காரன் எடுத்துக் கொடுத்துவிடுவானாம். என் அதிரசத்தை வைத்துக்கொண்டு கவர்மெண்டு என்ன செய்யும் என்று கேட்டேன். "அது தெரிஞ்சாத்தான் பயப்பட வேணாமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி நடந்தேன்.

அப்போதுதான் வழி பிறந்தது. குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருந்தோம். எங்கள் முறை வரும்வரை அது வெட்டவெளியில்தான் கிடக்கும். திருடு போகாமல் பார்க்கவும், மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடவும் பக்கிரியைக் காவலுக்கு வைத்திருந்தோம். நான் குரலில் தேனைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"வல்லி, கேமரா இங்க சும்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. அதைக் கொண்டுபோய் நம்ம நெல்லுகிட்ட மாட்டினா என்ன?"

"நல்ல யோசனைங்க."

கல்யாணம் ஆனதிலிருந்து என் யோசனையை அவள் நல்லது என்று சொன்னதே இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். மகனிடம் அவளே பேசினாள். அவனும் சரி என்றான். நானே போய் ஒரு மூங்கில் நட்டு, கேமராவைக் கட்டி, நெல்லைப் பார்த்துத் திருப்பிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வீடு வந்தேன். வாசலில் அம்சவல்லி நின்றாள். கையில் தலையணை, போர்வை, சாப்பாட்டுத் தூக்கு.

"யாருக்கு இதெல்லாம்?"

"உங்களுக்குத்தாங்க. கேமரா பாக்கும், சரி. மழை வந்தா எறங்கி வந்து தார்ப்பாய் மூடுமா?"

"பக்கிரி இருக்கானே?"

"மக வீட்டுக்குப் போகணும்னான். அதான் நீங்க இருக்கீங்களேன்னு அனுப்பிட்டேன்."

இப்படியாக, வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவுக்குக் கீழேயே வெட்டவெளியில் போய் உட்கார்ந்தேன். எதிரே டீக்கடை. எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி. எழுந்து நடந்தால் ஆளைக் காணோம் என்று தெரிந்துவிடும். பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருந்த அப்துல் அஜீஸிடம் சொல்லி ஒன்று வாங்கிவரச் செய்தேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாயருகே கொண்டு போனேன்.

"பஜ்ஜியக் கீழ வைங்க" என்றது மூங்கில்.

களத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். அப்துல் அஜீஸ் அவசரமாகத் தன் லுங்கியைச் சரி செய்துகொண்டார். முகம் சிறுத்துவிட்டது.

"இது எங்களையும் பாக்குதா? எங்கள ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க மாட்டுனீங்க?"

வெட்கமாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டால் முகத்தை மூட ஆரம்பித்தார்கள். மானம் போவது போகட்டும் என்று மூங்கிலைப் பார்த்துக் கையைக் கூப்பினேன்.

"வல்லி, தப்புதான். கேமராவக் கழட்டிக்கிட்டு நான் வீட்டுக்கே வந்துடுறேன். பழைய எடத்துலயே மாட்டிக்கலாம்."

களம் முழுக்கக் கேட்கும்படி அம்சவல்லியின் குரல் வந்தது.

"வேணாங்க. அது வந்ததுலேருந்து நானும் கூடத்துல காலை நீட்டிப் படுத்ததில்ல. அதுக்கு முன்னாடி நீங்க. யாரு போன்ல, எங்க போற, எப்ப வருவன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்க. இன்னைக்குத்தான் வீட்டுல ரெண்டு பேரும் இல்ல."